காதில் விழுந்த சொல்

2008 ஜனவரி மாதம். நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடங்கள் இருந்தன. ஆபீசில் பைல் நகர்ந்ததோ இல்லையோ, டீ வேளையில் கிரிக்கெட் பேச்சு நகராமல் இருந்ததில்லை. அந்த ஜனவரியில் எங்கும் ஒரே பேச்சுதான். ஹர்பஜன் சிங், ஆண்ட்ரூ சைமண்ட்ஸை "மங்கி" என்று சொன்னாரா, சொல்லவில்லையா?

இத்தனை வருடம் கழித்து அதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நம் வயதுக்காரர்களுக்குப் பாதி மறந்திருக்கும். பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

எனக்கும் கிரிக்கெட்டுக்கும் உறவு தாமதமாக வந்ததுதான். பாண்டியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். எங்கள் பக்கம் கால்பந்து, பெரியவர்களுக்குப் பெத்தாங்க். கிரிக்கெட் என்பது மதராஸ்காரர்கள் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு பக்கத்து மேசைக்காரரின் டிரான்சிஸ்டரில் தமிழ் வர்ணனை கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது. பிறகு விடவே இல்லை.

சிட்னி டெஸ்ட் அந்த வருடம் ஜனவரி 2-ம் தேதி தொடங்கியது. மெல்போர்னில் நடந்த முதல் டெஸ்டில் 337 ஓட்டங்களில் தோற்றிருந்தோம். சிட்னியில் முதல் நாளே பிரச்சினை ஆரம்பம். இஷாந்த் சர்மா பந்தில் சைமண்ட்ஸ் மட்டையில் பட்டுக் கீப்பர் கையில் போனது. அப்போது அவர் 30 ஓட்டம். நடுவர் ஸ்டீவ் பக்னர் அவுட் கொடுக்கவில்லை. அந்த மனிதர் கடைசிவரை ஆட்டமிழக்காமல் 162 எடுத்தார். ஆஸ்திரேலியா 463. நாமும் சும்மா விடவில்லை. லக்ஷ்மண் 109, டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 154, மொத்தம் 532. இதில் எட்டாவது விக்கெட்டுக்கு டெண்டுல்கரும் ஹர்பஜனும் சேர்ந்து 129 ஓட்டங்கள் எடுத்தார்கள். ஹர்பஜனுக்கு 63.

ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு எரிச்சல் ஏறாமல் இருக்குமா? மூன்றாம் நாள், ஜனவரி 4, வெள்ளிக்கிழமை. பிரெட் லீ ஒரு நல்ல பந்து போட்டார். ஓட்டம் எடுக்க ஓடியபோது ஹர்பஜன் மட்டையால் லீயின் பின்பக்கம் லேசாகத் தட்டி, நன்றாகப் போட்டாய் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். லீ ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற சைமண்ட்ஸுக்குத்தான் அது பிடிக்கவில்லை. அவர் ஏதோ சொல்ல, இவர் பதில் சொல்ல, வார்த்தை தடித்தது. "மங்கி என்று சொன்னான்" என்று சைமண்ட்ஸ் சொன்னார். ஹெய்டனும் கிளார்க்கும் தங்கள் காதில் விழுந்தது என்றார்கள். கேப்டன் பாண்டிங் உடனே நடுவர்களிடம் புகார் செய்துவிட்டார்.

கடைசி நாள் மாலை ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது கிளார்க் கடைசி மூன்று விக்கெட்டையும் எடுத்து ஆஸ்திரேலியா 122 ஓட்டங்களில் வென்றது. அது அவர்களுக்குத் தொடர்ச்சியாக 16-வது டெஸ்ட் வெற்றி. நம் கேப்டன் கும்ப்ளே, நிதானமான மனிதர், பத்திரிகையாளர்களிடம் ஒரே ஒரு அணிதான் ஆட்டத்தின் பண்போடு ஆடியது என்றார். விஷயம் தெரிந்தவர்களுக்கு அது எங்கே இருந்து வந்தது என்று புரிந்தது. 1933-ல் பாடிலைன் தொடரில் ஆஸ்திரேலியக் கேப்டன் வுட்ஃபுல், இங்கிலாந்து மேனேஜரிடம் சொன்ன வார்த்தை ஏறக்குறைய அதே. அவர்கள் தாத்தா சொன்னதை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார் கும்ப்ளே.

அன்று இரவே மேட்ச் ரெஃபரி மைக் பிராக்டர் விசாரணை நடத்தினார். தென்னாப்பிரிக்காக்காரர். விசாரணை நள்ளிரவைத் தாண்டியது. முடிவில் ஹர்பஜனுக்கு மூன்று டெஸ்ட் தடை. நம் ஊரில் எரிமலைதான். அணி சிட்னி ஓட்டலை விட்டு நகரவில்லை. டூரையே ரத்து செய்துவிடுவோம் என்ற அளவுக்குப் பேச்சு போனது. பெர்த் டெஸ்டுக்குப் பக்னரை மாற்றி பில்லி பவுடனைப் போட்டார்கள். சமாதானம் பேச ரஞ்சன் மதுகல்லேயை அனுப்பினார்கள். பெர்த்தில் நாம் 72 ஓட்டங்களில் ஜெயித்து அந்தப் பதினாறுக்கு முற்றுப்புள்ளி வைத்தோம். அன்று ஆபீசில் நான் எல்லோருக்கும் மசால் வடை வாங்கிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது.

அப்பீல் ஜனவரி 29-ம் தேதி அடிலெய்டில் நடந்தது. விசாரித்தவர் நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹான்சன். இவர் கோர்ட்டுக்காரர் என்பதால் சாட்சியத்தைக் கோர்ட்டுக் கண்ணோடு பார்த்தார். ஸ்டம்ப் மைக்கில் ஹெய்டன் ஆட்சேபிப்பது கேட்டது. ஹர்பஜன் சொன்னது கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற டெண்டுல்கர், தன் காதில் விழுந்தது "தேரி மா கீ" என்ற ஹிந்தி வசை என்றார். அம்மாவை இழுக்கிற கெட்ட வார்த்தை. வடக்கே தெருவுக்குத் தெரு கேட்கும். "மா கீ" என்பது வெள்ளைக்காரன் காதில் "மங்கி" என்று விழுந்திருக்கலாம் என்பது நம் பக்க வாதம். இன வசை நிரூபிக்கப்படவில்லை என்று ஹான்சன் முடிவு செய்தார். கெட்ட வார்த்தை பேசிய குற்றத்துக்கு மட்டும் மேட்ச் சம்பளத்தில் பாதி அபராதம்.

நாம் வெடி வெடித்தோம். ஆனால் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. வம்பைத் தொடங்கியது சைமண்ட்ஸ்தான் என்று அதில் இருக்கிறது. டெஸ்ட் மேட்ச் எதிரணியோடு சிநேகம் கொண்டாடும் இடம் இல்லை என்று சைமண்ட்ஸ் சொன்னதை எடுத்துக் காட்டி, எல்லா ஆட்டக்காரர்களும் இப்படி நினைத்தால் அது கிரிக்கெட்டுக்கு வருத்தமான நாள் என்று நீதிபதி எழுதினார். ஹர்பஜன் முன்பு வாங்கிய தண்டனைகள் முழுவதும் ஐ.சி.சி. தரப்பில் அவர் முன் வைக்கப்படவில்லை என்பது பிறகு வெளியே வந்தது. தெரிந்திருந்தால் தண்டனை கூடியிருக்கலாம் என்று அவரே சொன்னார். "நிரூபிக்கப்படவில்லை" என்பதற்கும் "நடக்கவில்லை" என்பதற்கும் உள்ள வித்தியாசம், ஆபீசில் நாற்பது வருடம் விசாரணைப் பைல் பார்த்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்குத் தெரியாத மாதிரி நடந்துகொண்டேன்.

அதே டெஸ்டில் இன்னொரு புகாரும் இருந்தது. பலர் மறந்துவிட்டார்கள். பிராட் ஹாக், கும்ப்ளேயையும் தோனியையும் பார்த்து "பாஸ்டர்ட்" என்று சொன்னதாக நம் அணி புகார் கொடுத்தது. தமிழில் சொன்னால் அப்பன் பெயர் தெரியாதவன். நம்மைப் பொறுத்தவரை பிறப்பையே இழுக்கிற வார்த்தை, வெட்டுக்குத்தில் முடியும். ஆஸ்திரேலியாவில் சிநேகிதனைப் பார்த்தால்கூட அதைச் சொல்லித்தான் முதுகில் தட்டுவார்களாம். பாடிலைன் காலத்தில் இங்கிலாந்துக் கேப்டன் ஜார்டின், தன்னை ஒருவன் அப்படித் திட்டிவிட்டான் என்று ஆஸ்திரேலியா டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய் முறையிட்டாராம். அங்கே இருந்தவர் உள்ளே திரும்பி, "டேய், இந்த பாஸ்டர்டை பாஸ்டர்ட் என்று சொன்ன பாஸ்டர்ட் யாருடா?" என்று கேட்டாராம். கதையோ நிஜமோ, ஒரு வார்த்தைக்கு இரண்டு ஊரில் இரண்டு எடை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ஹாக் மேல் கொடுத்த புகாரைக் கும்ப்ளே பெருந்தன்மையாக வாபஸ் வாங்கிக்கொண்டார்.

வார்த்தையின் எடை பற்றி எனக்குச் சின்ன வயதிலேயே பாடம் உண்டு. பிரெஞ்சில் நம் தமிழ் மாதிரியே நீ, நீங்கள் இரண்டும் உண்டு. "த்யு" என்றால் நீ, "வூ" என்றால் நீங்கள். ஆசிரியரிடம் "த்யு" போட்டால் காது சிவக்கும். ஆனால் அதே "த்யு" வீட்டில் பிள்ளையிடம் சொன்னால் செல்லம். சொல் ஒன்றுதான், யார் யாரிடம் சொன்னது என்பதில்தான் எல்லாம். எங்கள் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருந்தான். ஒருநாள் ஆசிரியர் அவனைத் தட்டிக்கொடுத்து, "மலேன் கோம் ஆன் சேன்ஜ்" என்றார். பிரெஞ்சில் அது பாராட்டு, குரங்கு மாதிரி சூட்டிகையானவன் என்று அர்த்தம். பையனுக்கு "சேன்ஜ்" மட்டும்தான் புரிந்தது. குரங்கு என்றுவிட்டாரே என்று மத்தியானம் சாப்பிடாமல் அழுதான். ஆசிரியர் திட்டவில்லை. பையன் பொய் அழுகையும் அழவில்லை.

2006 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டமும் பாண்டிக்காரர்களுக்கு மறக்காது. பெர்லினில் ஜூலை 9. இங்கே பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர் வீடுகளில் கொடியெல்லாம் கட்டியிருந்தார்கள். கூடுதல் நேரத்தில் ஜிதான், இத்தாலியின் மாத்தெராட்சி மார்பில் தலையால் முட்டி வெளியே போனார். பிரான்ஸ் பெனால்டியில் தோற்றது. மாத்தெராட்சி என்ன சொன்னார்? லண்டன் பத்திரிகைகள் சில அவர் வாயசைவைப் பார்த்து, இனத்தைச் சொல்லித் திட்டினார் என்று எழுதின. அது தப்பு என்று ஆகி, பிறகு அவருக்கு இழப்பீடு கொடுத்தன. அவர் இழுத்தது ஜிதானின் சகோதரியை என்று அவரே ஒப்புக்கொண்டார். வாயசைவை வைத்து வார்த்தையைக் கட்டக்கூடாது என்பது அதில் ஒரு பாடம். இன வசை இல்லை என்பதால் சொன்னது நல்ல வார்த்தை ஆகிவிடாது என்பது இன்னொரு பாடம்.

சைமண்ட்ஸ் கதைக்கு வருகிறேன். அவர் 1975-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். பெற்றவர்களில் ஒருவர் கரீபியக் கறுப்பின வழி. கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தத்தெடுத்து ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போய் வளர்த்தார்கள். வெள்ளைக்காரர்களே நிறைந்த அணியில் தனித்துத் தெரிகிற நிறம், சுருட்டை முடி. சிட்னிக்கு மூன்று மாதம் முன்பு, 2007 அக்டோபரில் அவர் இந்தியாவுக்கு ஆட வந்தபோது வடோதராவில் ரசிகர்கள் கூட்டமாகக் குரங்கு மாதிரி சத்தம் போட்டார்கள். மும்பையிலும் அதே. எழுந்து நின்று குரங்கு சேஷ்டை காட்டியவர்களின் படம் பேப்பரில் வந்தது. போலீஸ் சிலரைப் பிடித்துக்கொண்டு போனது. மும்பையில் ஹர்பஜனும் அப்படிச் சொன்னதாகவும், இனி வேண்டாம் என்று தான் நேரில் போய்ப் பேசியதாகவும் சைமண்ட்ஸ் சொன்னார். அதை ஹர்பஜன் ஒப்புக்கொள்ளவில்லை. அது அவர்கள் இருவருக்குள். ஆனால் வடோதராவிலும் மும்பையிலும் கத்தியது நம் ஜனங்கள். அதற்கு ஸ்டம்ப் மைக் தேவையில்லை.

இங்கேதான் நான் வருகிறேன். டீ வேளையில் நான் பெரிய வக்கீல் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். "குரங்கு என்றால் நமக்கு என்ன? ஆஞ்சநேயர் இல்லையா? பஞ்சவடியில் போய்ப் பாருங்கள், எவ்வளவு பெரிய சிலை! கும்பிடுகிற சாமி பெயரைச் சொன்னால் திட்டா? வீட்டில் பேரனைக் குரங்குப்பயலே என்று கொஞ்சுவதில்லையா? இவன்களுக்குத் தோற்கிற பயம், அதற்கு ஒரு சாக்கு." எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரைத் தவிர.

எங்கள் செக்‌ஷனில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். அடையாளத்துக்காக ஒருவர் பெயருக்கு முன்னால் "சிவப்பு" என்றும், இன்னொருவர் பெயருக்கு முன்னால் "கறுப்பு" என்றும் சேர்த்தோம். சேர்த்தது நான்தான், சீனியர் என்ற உரிமையில். சிவப்பானவர் மாற்றலாகிப் போய்விட்டார். மற்றவருக்கு அந்த அடைமொழி ஒட்டிக்கொண்டது. நாளடைவில் பெயர் உதிர்ந்து "கறுப்பு" மட்டும் நின்றது. "அந்த பைல் கறுப்புகிட்ட இருக்கு." "கறுப்பு சாரைக் கேளுங்க." போனில்கூட அப்படித்தான். அவரும் சிரித்துக்கொண்டே வருவார். என் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் வந்தவர். பழகிய மனிதர்.

அன்று அவர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"சார், வடோதராவுல கத்துனவங்க ஆஞ்சநேயரைக் கும்பிட்டா கத்துனாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா நீங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல சார்."

"அடடே, அன்பாத்தானே கூப்பிடுறோம்? தப்பா எடுத்துக்கிட்டீங்களா?" என்றேன்.

"நீங்க அன்பாத்தான் கூப்பிட்டீங்க, எனக்குத் தெரியும். போன வருஷம் என் பையன் ஒரு நாள் இங்க வந்திருந்தான். பியூன் 'கறுப்பு சார், உங்க பையன்'னு சத்தமா கூப்பிட்டாரு. வீட்டுக்குப் போனதும், ஏம்ப்பா உன்னை அப்படிக் கூப்பிட விடுறேன்னு கேட்டான். அவன் காதுல அது அன்பா விழல சார்."

அவ்வளவுதான் சொன்னார். கிளாசை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் மேசையில் பைல் திறந்தபடி இருந்தது. அன்று ஒரு குறிப்புகூட எழுதவில்லை.

பின்னாளில் இதே மாதிரி இரண்டு சம்பவங்கள் கிரிக்கெட்டில் வந்தன. 2019 ஜனவரியில் டர்பனில் பாகிஸ்தான் கேப்டன் சர்ஃபராஸ் அகமது, தென்னாப்பிரிக்க வீரர் ஃபெலுக்வாயோவைப் பார்த்து உருதுவில் "காலே" என்று ஏதோ சொன்னது மைக்கில் விழுந்தது. கேட்டவருக்கு மொழி புரியாது. ஆனாலும் நான்கு ஆட்டம் தடை விழுந்தது. சர்ஃபராஸும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். 2020-ல் வெஸ்ட் இண்டீஸின் டேரன் சாமி சொன்னது இன்னும் உறுத்தியது. ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் அணிக்கு ஆடியபோது தன்னைக் "காலு" என்று கூப்பிட்டார்களாம். பலமுள்ளவன் என்று அர்த்தம் போல என்று நினைத்து அவரும் சந்தோஷமாகச் சிரித்தாராம். வருடங்கள் கழித்துத்தான் அர்த்தம் தெரிந்தது. கூப்பிட்டவர்களில் ஒருவர் அன்பில்தான் சொன்னோம் என்று விளக்க, சாமி அதை ஏற்றுக்கொண்டார். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் டீ வேளைதான் ஞாபகம் வந்தது. சாமி சிரித்ததும் நிஜம், அர்த்தம் தெரிந்த பிறகு வலித்ததும் நிஜம்.

சொல்லுகிறவன் மனதில் என்ன இருந்தது என்பது பாதி விஷயம்தான். கேட்டவன் காதில் எப்படி விழுந்தது என்பது மற்றப் பாதி. சிட்னியில் ஹர்பஜன் என்ன சொன்னார் என்பதை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வடோதராவைக் கேட்டுவிட்டு வந்த ஒருவர் காதில் அந்தக் கோபமான நிமிடத்தில் என்ன விழுந்திருக்கும் என்பதை இப்போது என்னால் யோசிக்க முடிகிறது. அன்று முடியவில்லை.

2011-ல் அந்த இருவரையும் மும்பை இந்தியன்ஸ் ஒரே அணியில் சேர்த்தது. ஒரு விருந்தில் ஹர்பஜன் தன்னைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு அழுதார் என்று சைமண்ட்ஸ் பின்னால் சொன்னார். ஆனால் சைமண்ட்ஸின் வாழ்க்கை 2008-க்குப் பிறகு நேராகவில்லை. தன் போர்டு தன்னைக் கைவிட்டதாக நினைத்தார், குடி அதிகமானது, சரிவு அங்கேதான் தொடங்கியது என்று அவரே சொன்னார். 2022 மே 14 அன்று குயின்ஸ்லாந்தில் கார் விபத்தில் போய்விட்டார். வயது 46.

அதே சிட்னி மைதானத்தில் 2021 ஜனவரியில் எல்லைக்கோட்டருகே நின்ற சிராஜ், கூட்டத்திலிருந்து தன்னைத் திட்டுகிறார்கள் என்று நடுவரிடம் சொன்னார். ஆட்டம் நின்றது. இந்திய வீரர்கள் இன வசைக்கு ஆளானது உண்மை என்று ஆஸ்திரேலிய போர்டே விசாரித்து ஒப்புக்கொண்டது. அன்று இங்கே எல்லோருக்கும் ரத்தம் கொதித்தது, எனக்கும்தான். கூடவே வடோதராவும் ஞாபகம் வந்தது.

சரி, என் நண்பர். மறுநாள் காலை அவர் மேசைக்குப் போய், முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு, "நேத்து நீங்க சொன்னது சரி, மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "அதெல்லாம் எதுக்கு சார்" என்றார். ஆபீஸ் முழுதும் மாற ஆறு மாதம் ஆனது. பியூனுக்கு இன்னும் கொஞ்சம் கூட.

போன நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போன இடத்தில் வரிசையில் அவரைப் பார்த்தேன். முடி முழுவதும் நரைத்துவிட்டது. மகன் வெளிநாட்டில் இருக்கிறானாம். தூரத்தில் பார்த்ததும் பழைய பழக்கம், "க" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சட்டென்று நிறுத்தி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "வந்ததை முழுங்கிட்டீங்க போல சார்?" என்றார்.

"ஆமாம்" என்றேன். இருவரும் பக்கத்துக் கடையில் டீ குடித்தோம். காசு நான்தான் கொடுத்தேன்.